நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. குறுந்தொகையில் மருந்து இருக்கிறதா?

தல்லாகுளத்தான்:
நாலு மாதப் பழக்கம், விளக்குத்தூண் பக்கம் ரெண்டு தடவை ஜிகர்தண்டாவும் குடித்தாயிற்று. போன வாரத்திலிருந்து நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் மட்டும்தான். ராத்திரி தூக்கம் வராமல் குறுந்தொகையைப் புரட்டினால் ஆறாவது பாட்டில் பதுமனார் என்னைத்தான் எழுதி வைத்திருக்கிறார்: நடுச்சாமம், ஊர் உலகமே தூங்குகிறது, ஒருத்தி மட்டும் விழித்துக் கிடக்கிறாள். உங்களுக்கு எந்தப் பாட்டு பொருந்தியது?

வைகைக்கரைக்காரி:
எனக்கு 25, கபிலர் பாடியது. தலைவன் தலைவியைச் சேர்ந்த நாளில் வேறு யாரும் இல்லை, தினைத்தாள் மாதிரி மெலிந்த காலோடு ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகுப் பறவை மட்டும்தான் சாட்சி, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அவளுக்குக் குருகாவது இருந்தது. என் ஆள் கல்யாணப் பேச்சு பேசிய மெசேஜையெல்லாம் ரெண்டு பக்கமும் அழித்துவிட்டுப் போய்விட்டான். ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தோன்றவில்லை, மக்கு நான்.

செல்லூர் அண்ணன்:
தம்பி, 17ஆம் பாட்டுப் பக்கம் மட்டும் போய்விடாதே. காதல் முற்றினால் ஆண்கள் ஊரறியக் காதலைச் சொல்லப் பனைமடலைக் குதிரையாக்கி ஏறுவார்கள், எருக்கம் மொட்டைத் தலையில் சூடுவார்கள், தெருவே ஆரவாரமாகும். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெண் படும் பாட்டை யார் யோசித்தது? இன்றைக்கு ஸ்டேட்டஸில் சோகப் பாட்டு வைத்து அவளைக் குத்திக் காட்டுவதும் அதே மடல்தான்.

தல்லாகுளத்தான்:
நேற்றே வைத்துவிட்டேன் அண்ணே. இதோ எடுக்கிறேன்.