சாமி மக்களின் காஹ்கு ரொட்டி தோசைக்கல்லில் வருமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
ஸ்வீடனின் வில்ட்மார்க்ஸ்வேகன் மலைச்சாலைப் பக்கம், வட ஐரோப்பியப் பழங்குடியினரான சாமி இனத்தார் சுடும் காஹ்கு ரொட்டியை இங்கே சுட்டால் மேலே கருகுது, உள்ளே பச்சை மாவு. ஏன்? மே மாசம் அந்தச் சாலையில் போகலாமா? என்ன வாங்கலாம்? அங்கே காபியில் போடும் சீஸுக்குப் பதிலா பன்னீர் போடலாமா?

பதில் 1 (ராயபுரம்):
தீ அதிகம், தடிமனும் அதிகம். மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 300 மில்லி, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, கொஞ்சம் சோம்பு. நம்ம வெயிலுக்கு 40 நிமிஷம் பொங்கினால் போதும், விட்டால் புளிச்சிடும். அரை அங்குலத்துக்கும் குறைவா தட்டி, முள்கரண்டியால் நெருக்கமா குத்துங்க, இல்லாட்டி பூரி மாதிரி உப்பும். கனமான இரும்புக்கல், சிறு தீ, பக்கத்துக்கு 3 நிமிஷம்.

பதில் 2 (திருவொற்றியூர்):
மே வேண்டாங்க. அந்தச் சாலையில் வரும் ஸ்டெக்கென்யொக் மேட்டுப் பகுதி பனியால் மூடியிருக்கும். ஜூன் தொடக்கத்தில்தான் திறப்பாங்க. அந்தப் பக்கம் ஃபட்மோமக்கே என்ற ஊரில் பழைய சாமிக் குடில்கள் இருக்கு, தவறவிடாதீங்க. சுவோவாஸ், அதாவது உப்பிட்டுப் புகையூட்டிய கலைமான் இறைச்சி, மெல்லிசா சீவி வெண்ணெயில் வதக்கினது, இந்த ரொட்டிக்குச் சரியான ஜோடி. வாங்கறதுன்னா வெள்ளீயக்கம்பி பின்னிய தோல் காப்பு; ‘துவோட்யி’ (சாமி கைவினை) முத்திரை அட்டை இருக்கான்னு பாருங்க. இல்லாட்டி பாரிமுனைச் சரக்கு மாதிரிதான்!

பதில் 3:
காபியில் போடும் சீஸுக்குப் பன்னீர் ஒத்துவராது. அந்த சீஸ், பாலை ரென்னட்டில் (பாலை உறைய வைக்கும் நொதி) உறைய வெச்சுச் சுட்டது. கடிச்சா பல்லில் கீச்சுனு சத்தம் வரும்.