140 லெட்ஜர் ஆகிவிட்டது, கணக்குத் தலைப்புகளை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வி:
பொருள் வாங்கி விற்கும் சிறு தொழில். தேவைப்பட்டபோதெல்லாம் சாஃப்ட்வேரில் புதுத் தலைப்பு திறந்ததில் 140 சேர்ந்துவிட்டது. அலுவலகச் செலவு, பொதுச் செலவு, இதர செலவு மூன்றிலும் ஒரே வகைச் செலவுகள்தான் கிடக்கின்றன. மாதக் கடைசியில் லாபம் என்று காட்டும் தொகையும் வங்கியில் இருக்கும் பணமும் ஒட்டவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
முதலில் எண் கொடுங்கள். 1000 வரிசை சொத்து, 2000 பொறுப்பு (நீங்கள் பிறருக்குத் தர வேண்டியது), 3000 மூலதனம், 4000 வருமானம், 5000 விற்ற சரக்கின் அடக்கம், 6000 செலவு. 6010 வாடகை, 6020 மின்கட்டணம் என்று பத்துப் பத்தாக விட்டுப் போங்கள். நெருக்கிப் போட்டால் பின்னால் நடுவில் செருக இடமிருக்காது.

இவ்வளவு பெருகியதற்குக் காரணம் பெரும்பாலும் ஆளுக்கொரு தலைப்பு திறந்ததாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர், சப்ளையர் பெயரெல்லாம் துணைப் பேரேட்டுக்கு (ஆள்வாரியாக விவரம் வைக்கும் தனிப் பட்டியல்) போகட்டும். பொதுப் பேரேட்டில் (முக்கியக் கணக்குத் தலைப்புகள் இருக்கும் இடம்) 'வர வேண்டியவை', 'தர வேண்டியவை' இரண்டே போதும். அந்தத் தொகையைத் தனியாகப் பார்த்து ஏதாவது முடிவெடுப்பீர்கள், அல்லது வரிக்கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும் என்றால் மட்டும் புதுத் தலைப்பு. அந்த மூன்று செலவுகளையும் ஒன்றாக்குங்கள். அதில் ஒரே வகைச் செலவு திரும்பத் திரும்ப வந்தால் பிரித்துவிடுங்கள்.

பதில் 2:
லாபம் ஒட்டாததற்கு எண் மட்டும் போதாது. லாபமும் ரொக்கமும் எப்போதுமே ஒன்றாக இராது; ஆனால் லாபமே தப்பாக இருந்தால் இந்த இடங்களைப் பாருங்கள்.

கடன் தவணை 10,000 கட்டுகிறீர்கள், அதில் அசல் 7,800, வட்டி 2,200 என்றால் வட்டி மட்டுமே செலவு. அசல் 2000 வரிசையில் கடனைக் குறைக்கும். முழுத் தவணையையும் செலவில் எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரியும், சரக்கு கொடுக்குமுன் வாங்கிய முன்பணமும் வருமானமல்ல, பொறுப்பு. வீட்டுக்கு எடுத்த பணம் 'எடுப்பு', 3000 வரிசை.

கார்டு விற்பனையைத் தனியாகக் கவனியுங்கள். 5,000 விற்று, கட்டணம் போக வங்கியில் 4,900 விழுந்தால் பலர் 4,900ஐயே விற்பனையாகப் போடுகிறார்கள். விற்பனையும் குறைகிறது, கட்டணமும் மறைந்துபோகிறது. 'கார்டு வசூல்' என்று சொத்தில் ஒரு இடைக்கணக்கு வைத்து, விற்ற அன்று அதில் 5,000 பற்று (டெபிட்) எழுதுங்கள். பணம் வந்ததும் வங்கிக்கு 4,900, கட்டணத்துக்கு 100 பற்று. இடைக்கணக்கில் 5,000 வரவு (கிரெடிட்). அதில் மீதி நின்றால் எந்த விற்பனைப் பணம் வரவில்லை என்று உடனே தெரியும்.

கேட்டவர்:
கார்டு விஷயத்தில் நான் செய்வது அதே தப்புதான். பழைய தலைப்புகளை அழித்துவிடலாமா?

பதில் 1:
வேண்டாம், போன வருட அறிக்கைகள் குலைந்துவிடும். முடக்கி மட்டும் வையுங்கள். புது அமைப்பை நிதியாண்டின் முதல் நாளில் தொடங்குங்கள். அதற்குமுன் ஒரு தாளில் பழைய தலைப்பு, புது எண் என்று வரிசையாக எழுதி இருப்பை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இருப்பாய்வு (எல்லாத் தலைப்புகளின் இருப்பையும் காட்டும் பட்டியல், டிரயல் பேலன்ஸ்) எடுத்து, சொத்து, பொறுப்பு, மூலதனம் என ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வரிசை மாறிக் கிடந்த தலைப்பால் வரும் வித்தியாசம் மட்டுமே நிற்கலாம்.

பதில் 3:
மாதாமாதம் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு சரிபார்க்கும்போது வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு: 540ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், பற்று வரவு மாறி விழுந்ததா பாருங்கள். என்னவென்று தெரியாத தொகையை இதர செலவில் தள்ளாமல் அனாமத்துக் கணக்கில் (விவரம் தெரியும் வரை தற்காலிகமாக வைக்கும் கணக்கு) வைத்து, மாதம் முடியுமுன் அதைப் பூஜ்யமாக்குங்கள்.