மண்ணீரல் அகற்றப்பட்டவருக்கு நியூமோனியா வந்தால் உடலின் எதிர்ப்பு எங்கே குறைகிறது?

கேள்வி – மல்லாவியிலிருந்து ஒரு மகள்

வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயது, வயல் செய்கிறார். காலபோக விதைப்பு முடிந்த கையோடு அவருக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் தொடங்கியது. மறுநாள் வலது நெஞ்சில் குத்தும் துருநிறச் சளியும் கண்டதால் வைத்தியசாலையில் அனுமதித்தோம். பற்றீரியாவினால் வந்த நியூமோனியா என்று சொல்லி, நாளத்தின் வழியே மருந்து ஏற்றி, 9 நாட்களின் பின்னர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விடுதியில் அவரைப் பரிசோதித்த வைத்தியர், வயிற்றிலிருந்த நீண்ட தழும்பைக் கண்டதும், "மண்ணீரலை எடுத்துவிட்டார்களா?" என்றுதான் முதலில் கேட்டார். 2009 இல் எறிகணைச் சிதறல் பட்டபோது செய்த சத்திரசிகிச்சையில் அது அகற்றப்பட்டது உண்மை. ஆனால் அதனால் பின்னாளில் என்ன வரக்கூடும் என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அன்றைய வைத்தியசாலைத் துண்டுகளும் கைவசம் இல்லை. நெஞ்சில் வந்த நோய்க்கும் வயிற்றிலிருந்த உறுப்புக்கும் என்ன தொடர்பு? கிருமியை மருந்து கொன்றுவிட்டதென்றால், எக்ஸ்றேயில் வெள்ளைப் படலம் இன்னமும் தெரிவது ஏன்? விளக்கக்கூடியவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில் – ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், வவுனியா

பிள்ளை, பாடநூல்கள் இதையெல்லாம் போருக்கு ஒப்பிட்டே விளக்கும். எங்கள் மாணவர்களுக்கு அந்த உவமை வேண்டாம் என்று நான் எப்போதும் குளத்தையும் மீனையும் வைத்துத்தான் படிப்பித்தேன். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

வைத்தியசாலைக்கு வெளியே தொற்றும் பற்றீரிய நியூமோனியாவுக்கு மிகப் பொதுவான காரணி நியூமோகொக்கசு. நலமாக இருப்பவர்களின் மூக்கிலும் தொண்டையிலும் கூட அது குடியிருக்கும். தூக்கத்தில் சிறு துளிகளாக உள்ளே வழிந்தாலும், சுவாசக் குழாயின் சீதமும் பிசிர்களும் அதை மேலே தள்ளிவிடும். இன்புளுவென்சாவோ அடுப்புப் புகையோ பீடியோ அந்தப் பிசிர்களைக் கெடுத்திருந்தால், அது நுரையீரலின் சிற்றறைகள் வரை இறங்கிவிடுகிறது. அங்கே காவலிருக்கும் பெருந்தின்கலங்கள் சில கிருமிகளை மட்டும் கண்டால் விழுங்கி அலுவலை முடித்துவிடும்; காய்ச்சல்கூட வராது. கிருமிகள் அவற்றின் கைமீறிப் பெருகும்போதுதான் அவை சைற்றோகைன்கள் எனப்படும் செய்திப் புரதங்களை வெளிவிடுகின்றன. அவற்றுள் சில குருதியின் வழியே சென்று மூளையைக் கொண்டு உடல் வெப்பத்தை உயர்த்துவிக்கின்றன. வேறு சில நுரையீரலின் மயிர்க்குழாய்களின் சுவரைத் தளர்த்தி, நடுநிலைநாடிகள் என்னும் வெண்குழியங்களைக் கூட்டங்கூட்டமாக உள்ளே வரவழைக்கின்றன. சுவர் தளர்ந்தபடியால் நீரும் புரதமும் கூடவே கசிந்து சிற்றறைகளை நிரப்பிவிடுகின்றன. மூச்சு முட்டுவதும் ஒட்சிசன் அளவு இறங்குவதும் பெரிதும் இதனால்தான். காப்பாற்ற வந்ததே நோயாளியைத் திணறவைக்கும் இந்த இடத்தை வகுப்பில் விளங்கவைக்க நான் மிகவும் சிரமப்பட்டிருக்கிறேன்.

இனி மண்ணீரலுக்கு வருவோம். நியூமோகொக்கசைச் சுற்றிப் பல்சக்கரைட்டு என்னும் வெல்லச் சங்கிலிகளாலான வழுவழுப்பான உறை ஒன்று இருக்கிறது. குளத்தில் பிடித்த விராலை வெறுங்கையால் துப்புரவாக்க முடியாது. கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டால்தான் பிடி கிடைக்கும். அதுபோலத்தான் உறையுள்ள இந்தக் கிருமியையும் தின்கலங்களால் இலகுவில் பற்ற முடியாது. குருதியிலுள்ள நிரப்பிப் புரதங்களும், கிருமிக்கு எதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்களும் அதன் மேல் படிந்தால் மட்டுமே பிடி கிடைக்கும். உறையில் 90 க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றுக்கு எதிராக உருவான பிறபொருளெதிரி மற்றொன்றுக்குப் பெரும்பாலும் உதவாது. நுண்ணுயிர்க்கொல்லிகள் இல்லாத காலத்தில், நோய் தொடங்கி ஏறத்தாழ ஒரு கிழமை கடந்ததும் சிலருக்குத் திடீரென வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது, அந்த உறைக்குரிய பிறபொருளெதிரி அப்போதுதான் போதிய அளவு உருவானதனால்.

நுரையீரலிலிருந்து கிருமி குருதிக்குள் நுழைந்துவிட்டால் அதை வடித்தெடுக்கும் முக்கிய இடம் மண்ணீரல். குருதி அங்கே மெதுவாக ஊடுருவிச் செல்வதால், 'சாம்பல்' சரியாகப் படியாத கிருமியைக்கூட அங்குள்ள தின்கலங்கள் பிடித்துவிடும். பல்சக்கரைட்டு உறைகளுக்கு எதிராக விரைந்து பிறபொருளெதிரி ஆக்கும் சிறப்பு வெண்குழியங்களும் அங்கே உள்ளன. ஈரலும் கிருமிகளைப் பிடிக்கும். ஆனால் நன்றாகப் படிந்தவற்றையே அது இலகுவாகப் பிடிக்கும். ஆகவே மண்ணீரல் இல்லாதவரின் நெஞ்சில் முதற்கட்டப் பாதுகாப்பு மற்றவர்களுக்கு உள்ளதுபோலவே இருந்தாலும், குருதியில் கிருமி கலந்த பின்னர் சில மணித்தியாலங்களிலேயே நிலைமை மோசமாகிவிடக்கூடும். வைத்தியர் தழும்பைப் பார்த்து அந்தக் கேள்வியை முதலில் கேட்டதற்கு இதுவே காரணம்.

பதில் – தாதி உத்தியோகத்தர், கிளிநொச்சி

சேர் சொன்னதோடு எக்ஸ்றே பற்றிய உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், அக்கா. வெள்ளையாகத் தெரிவது கிருமி அல்ல. சிற்றறைகளில் தேங்கிய நீர், இறந்த நடுநிலைநாடிகள், உறைந்த புரதம் ஆகியவையே அவ்வாறு தெரிகின்றன. கிருமி இறந்த பின்னர் பெருந்தின்கலங்கள் அவற்றைச் சிறிது சிறிதாக விழுங்கித் துப்புரவாக்க வேண்டும். அப்பாவின் வயதில் அதற்கு 6 தொடக்கம் 12 கிழமைகள் செல்லலாம். ஆனாலும் சொன்ன திகதியில் மறு எக்ஸ்றே எடுக்கத் தவறாதீர்கள். படலம் கரையாமல் நின்றால் காசநோயோ கட்டியோ உண்டா என்று பார்க்க வேண்டிவரும்.

அப்பாவின் துண்டில் சீ.ஆர்.பி. என்று, உடலின் அழற்சியைக் காட்டும் ஓர் எண் இருக்கும். ஈரல் ஆக்கும் அந்தப் புரதம், 1930 இல் நியூயோர்க்கில் நியூமோனியா நோயாளிகளின் குருதியிலேயே முதலில் கண்டறியப்பட்டது. அழற்சி தணிந்தால் அது சில நாட்களிலேயே இறங்கிவிடும். இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்க, எக்ஸ்றே மட்டும் பின்தங்குவது அதனால்தான்.

மண்ணீரல் இல்லாத ஆபத்து ஆயுள் முழுவதும் தொடர்வது. நியூமோகொக்கசு, மெனிங்கோகொக்கசு, ஹிப் ஆகிய உறையுள்ள பற்றீரியாக்களுக்கான தடுப்பூசிகளையும் ஆண்டுதோறும் இன்புளுவென்சாத் தடுப்பூசியையும் பற்றிக் கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். காய்ச்சல் கண்டால் பனடோலைக் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. அன்றிரவே கொண்டுபோக வேண்டும். நாய் கடித்தால், காயம் சிறிதென்றாலும், மண்ணீரல் இல்லை என்பதை உடனே சொல்ல வேண்டும். மலேரியா உள்ள நாட்டுக்குப் பயணம் செய்வதென்றாலும் முன்கூட்டியே ஆலோசனை தேவை. எங்கள் பகுதியில் வயிற்றில் அத்தகைய தழும்போடு இருக்கும் பலருக்குத் தங்கள் உடலில் எது எடுக்கப்பட்டது என்பதே தெரியாது. விடுதியில் அதைக் காணும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது. துண்டு தொலைந்தவர்களுக்கு ஸ்கான் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பதில் – மருத்துவ ஆய்வுகூடப் பணியாளர்

அப்பா சேற்றில் இறங்கி வேலை செய்பவர் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். மழைக்காலத்தில் வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா மெலியோயிடோசிசு என்ற நோயை உண்டாக்கும். இலங்கையின் விவசாயிகளிடம் இது கண்டறியப்பட்டுள்ளது. சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். நியூமோகொக்கசு தின்கலத்திடமிருந்து வழுக்கி ஓடுகிறது என்றால், இது விழுங்கப்பட்ட பின்னர் தின்கலத்துக்குள்ளேயே உயிர்பிழைத்துப் பெருகுகிறது. இதற்குப் பென்சிலினும் பயன்படாது; ஊசி மருந்து முடிந்த பின்னரும் குறைந்தது 3 மாதங்கள் குளிசை எடுக்க வேண்டும். காய்ச்சல் திரும்பினால், வயல் வேலை பற்றி வைத்தியரிடம் சொல்லுங்கள். குருதி வளர்ப்புப் பரிசோதனையில் இதைத் தேடுவார்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்குச் சலரோகம் இல்லை. விராலும் சாம்பலும் என்று சொன்னதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "அப்போ எனக்குச் சாம்பல் தொடக் கை குறைவு" என்றார். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் 'மண்ணீரல் இல்லை, 2009' என்று சிவப்பு மையால் எழுதிவிட்டேன். அவரோடு அதே நாட்களில் காயப்பட்ட சித்தப்பா ஒருவர் துணுக்காயில் இருக்கிறார். அவருக்கும் வயிற்றில் அதே இடத்தில் தழும்பு உண்டு. நாளைக்கு அவரை ஸ்கானுக்குக் கூட்டிப்போகிறேன்.