கையால் திறந்தால் சரி, மேக்ரோவால் திறந்தால் தப்பு: சிஎஸ்வி கோப்பில் புரண்டுபோன தேதிகள்

குமுளியில் ஏலக்காய் வாங்கி விற்கும் கடை ஒன்றின் கணக்கை எக்செல்லில் பார்த்து வருகிறேன். புற்றடியிலும் போடியிலும் ஏலத்தில் எடுத்த சரக்கின் விவரம் எங்களுக்கு சிஎஸ்வி கோப்புகளாக, அதாவது விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்புகளாக, வந்து சேரும். அவற்றையெல்லாம் திறந்து ஒரே தாளில் சேர்த்து, எந்த லாட்டுக்கு (ஏலத்தில் ஒரே தொகுதியாக எடுத்த சரக்குக்கு) எந்த நாளில் பணம் கட்ட வேண்டும் என்று வரிசைப்படுத்தும் வேலையை ஒரு மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள் எழுதிய சிறு நிரல், செய்கிறது.

கோளாறை முதலில் கண்டுபிடித்தவர் போடியில் இருக்கும் எங்கள் கணக்குப்பிள்ளை. "தம்பி, ஆடியில் எடுத்த காய்க்கு மே மாசத் தேதி போட்டிருக்கிறதே, மே மாசம் புதுக்காய் ஏது?" என்று தொலைபேசியில் கேட்டார். கோப்பில் 05/08/2023 என்றிருந்த நாள், தாளில் மே 8 ஆகியிருந்தது. அதே நெடுவரிசையில் 13/08/2023 மட்டும் இடப்பக்கம் ஒட்டி நின்றது. அதாவது, எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டிருந்தது. போடிக் கணினியில் அதே கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் எல்லா நாளும் சரியாக வந்ததுதான் ஆளைக் குழப்பிவிடும் இடம்.

காரணம் இதுதான். கையால் திறக்கும்போது எக்செல் கணினியின் வட்டார அமைப்பை (எந்த நாட்டு முறையில் தேதி எழுதுவது என்ற அமைப்பை) பார்க்கிறது, மேக்ரோவில் 'ஒர்க்புக்ஸ்.ஓப்பன்' கட்டளை வழியே திறக்கும்போதோ, நாம் வேறாகச் சொல்லாத வரை, மாதத்தை முன்னால் வைக்கும் அமெரிக்க முறையில் படிக்கிறது. ஆகவே நாள் 12-க்குள் இருந்தால் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அந்த மௌனம்தான், ஏனெனில் பணம் கட்ட வேண்டிய நாள் தவறினால் வியாபாரத்தில் பெயர் கெட்டுவிடும்.

அந்தக் கட்டளையில் 'லோக்கல்' என்பதை 'ட்ரூ' என்று கொடுத்தால், கையால் திறப்பதுபோலவே வட்டார அமைப்பின்படி படிக்கும். போடிக் கணினியில் அதுவே போதுமானதாக இருந்தது. குமுளிக் கணினியின் வட்டார அமைப்பே அமெரிக்க ஆங்கிலமாக இருந்ததால், இங்கே அது உதவவில்லை. எனவே 'ஓப்பன்டெக்ஸ்ட்' கட்டளைக்கு மாறி, ஒவ்வொரு நெடுவரிசையையும் எப்படிப் படிப்பது என்று சொல்லும் 'ஃபீல்டுஇன்ஃபோ'வில் தேதி நெடுவரிசைக்கு 4 என்று குறித்தேன். நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைக்கான எண் அது. அதிலும் ஒரு முடிச்சு உண்டு: கோப்பின் பெயர் சிஎஸ்வி என்று முடிந்தால் எக்செல் இந்தக் குறிப்பைப் பொருட்படுத்துவதில்லை. ஆகையால் மேக்ரோ முதலில் கோப்பை டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டுடன் நகலெடுத்து, காற்புள்ளியைப் பிரிப்பானாகக் கொடுத்து அந்த நகலைத் திறக்கிறது, வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுகிறது.

சேர்த்த தாளை மேக்ரோ வழியாகவே மறுபடி சிஎஸ்வியாகச் சேமிப்பவர்கள் 'சேவ்ஆஸ்' கட்டளையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் 'லோக்கல்' உண்டு. கொடுக்காவிட்டால், சரியாகப் படித்த தேதிகள் எழுதும்போது மாதம் முன்னால் வந்துவிடும். அதனால் நான் சேமிப்பதற்கு முன் அந்த நெடுவரிசையின் வடிவத்தை ஆண்டு, மாதம், நாள் என்று மாற்றிவிடுகிறேன்.