பெயரைத் தொட்டால் வேறு வீட்டுக்கு டிக் விழுந்தது

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து:

எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கணக்கைக் கொப்பியிலிருந்து போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரே பக்கம்தான். வீட்டுக்கு ஒரு வரி, பெயருக்குப் பக்கத்தில் டிக் பெட்டி. குளிரில் விறைத்த விரலால் அந்தச் சின்னப் பெட்டியைத் தொடுவது கஷ்டம் என்பதால், பெயரைத் தொட்டாலே டிக் விழும்படி, பெயரைப் பெட்டியோடு இணைக்கும் லேபல் போட்டிருந்தேன். லேபலுக்கு உரிய பெட்டி எது என்று காட்ட ஓர் ஐடி, அதாவது அடையாளப் பெயர், வேண்டுமே, அதை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அந்த நேரத்தை எண்ணாகத் தரும் டேட்.நவ் வைத்து உருவாக்கினேன். நேரம்தான் ஓடிக்கொண்டே இருக்கிறதே, ஒன்றுபோல் இன்னொன்று வராது என்று நம்பினேன்.

சம்பள நாள் அன்று கீழ் லயத்து அக்கா முதலில் வந்து கட்டினார். பொருளாளர் மாமா அவர் பெயரைத் தொட்டார். அக்காவின் வரியில் ஒன்றும் இல்லை, பட்டியலின் முதல் வீட்டுக்கு டிக் விழுந்தது. அடுத்தவர் பெயரைத் தொட்டதும் அதே டிக் அழிந்துபோனது. மாமா கவனிக்காமல் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போய்விட்டார். மறுநாள் அக்கா வீட்டு வாசலுக்கே வந்து, "நான் கட்டினேனே தம்பி, நாளைக்கு ஒரு காரியம் நடந்தா எனக்கு நிலுவைன்னு சொல்லுவாங்களே" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டேட்.நவ் மில்லிசெகண்ட் வரைக்கும்தான் எண்ணும். அந்த ஒரு மில்லிசெகண்டுக்குள், பட்டியலை வரி வரியாக உருவாக்கும் லூப் எத்தனையோ வரிகளைக் கட்டிவிடுகிறது, அத்தனைக்கும் ஒரே ஐடி. ஒரே ஐடி பல இடத்தில் இருந்தால் பிரவுசர் முதலாவதைத்தான் எடுக்கும்.

சரி என்று, தற்செயல் எண் தரும் மேத்.ரேண்டம் எடுத்து, 10 இலக்கமும் 26 ஆங்கில எழுத்தும் கலந்த 36 அடிமான எழுத்தாக மாற்றிப் போட்டேன். லேபல் சரியாகிவிட்டது. ஆனால் ஐடியை வைத்துப் பெட்டியைத் தேடும் குவெரிசெலக்டர் சில வரிகளில் மட்டும் பிழை காட்டியது. அது தேடும் முறை சிஎஸ்எஸ் செலக்டர்; எண்ணில் தொடங்கும் ஐடியை அதில் அப்படியே எழுத முடியாது, பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மட்டும் ஏற்றுக்கொள்ளும். 36 எழுத்தில் 10 இலக்கம் என்றால் நாலில் ஒன்றுக்கு மேல் சிக்கும். முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தேன், போய்விட்டது. அப்புறம் இன்னொன்று: பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஐடி மாறுகிறது, அதை வைத்து எதையும் சேமிக்க முடியவில்லை.

அப்பாதான், "பேரை வச்சா செக்ரோல் எழுதுறோம்? மூணு ராமாயி இருந்தா நம்பரைத்தானே கூப்பிடுறோம்" என்றார். செக்ரோல் என்பது தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடு. ஆனால் ஓய்வு பெற்றவரின் செக்ரோல் நம்பரை எங்கள் தோட்டத்தில் புதிதாய்ப் பேர் பதிந்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள், ஓய்வு பெற்றவரோ சங்கத்தில் தொடர்கிறார். அதனால் சங்கத்தின் அங்கத்தவர் இலக்கத்தை எடுத்தேன், அது யாருக்கும் மறுபடி போவதில்லை. 'அங்-47' என்பது இப்போது அந்த அக்காவின் பெட்டிதான், எத்தனை தரம் திறந்தாலும்.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணே, நான் ஐடிக்கு, தற்செயலான அடையாளம் உருவாக்கும் கிரிப்டோ.ரேண்டம்யூயுஐடி போட்டேன், 36 எழுத்து நீளத்தில் வரும், ஒன்றோடொன்று மோதும் என்ற பயமே இல்லை. லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது அதே கணினிக்குள்ளேயே திறந்தபோது, அருமையாக ஓடியது. அதே வைஃபையில் அம்மாவின் போனில் லேப்டாப்பின் ஐபி எண்ணைப் போட்டுத் திறந்தால், அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று பிழை. அரை நாள் போனது. அது எச்டிடிபிஎஸ் அல்லது லோக்கல்ஹோஸ்ட் மாதிரி பாதுகாப்பான இடத்தில்தான் கிடைக்குமாம். பக்கத்துக்குள் மட்டும் வேண்டுமென்றால் ஒன்று, இரண்டு என்று கூட்டிப் போகும் கவுண்டரே போதும் என்று அன்றைக்குப் புரிந்தது.

தலவாக்கலையிலிருந்து:

பக்கம் கட்ட உதவும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பில் எழுதுகிறவர்கள், அதுவே ஐடி உருவாக்கித் தரும் யூஸ்ஐடி பாருங்கள், 18ஆம் பதிப்பில், 2022இல் வந்தது. லேபலையும் பெட்டியையும் இணைக்க நல்லது, பட்டியலில் எந்த வரி எது என்று ரியாக்ட்டுக்குக் காட்டும் கீயாக மட்டும் வைக்காதீர்கள், அதற்கு அண்ணன் சொன்ன அங்கத்தவர் இலக்கம் மாதிரி ஒன்றுதான் சரி. நான் பக்கம் முடிந்ததும் எல்லா ஐடியையும் எடுத்து, ஒரே மதிப்பை இரண்டு தரம் வைக்காத ஒரு செட்டில் போட்டு, எண்ணிக்கை குறைகிறதா என்று பார்ப்பேன். போன வாரம் மூன்று குறைந்தது, மூன்றுமே நான் நகலெடுத்து ஒட்டிய தேடல் பெட்டி.