புதுப்பிப்பு: கடை வேலையை விடவா என்று கேட்டவன்

மாசியில் கேட்டிருந்தேன்: கிளிநொச்சியில் கடையொன்றில் காசாளராக நிற்கிறேன், எட்டு வருடமாக மாமாவோடு வயரிங்குக்கும் போகிறேன், கடையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்சிக்குப் போகவா? பலர் "உடனே விடு" என்றீர்கள். விடவில்லை, நல்லதாய்ப் போயிற்று.

ஒருவர் மட்டும் வேறு வழி சொன்னார். அனுபவம் இருந்தால் வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்கலாம் என்றார். செய்த வேலைகளின் படங்களையும் கடிதங்களையும் கோப்பாக்கிக் கொண்டு போனேன். படிக்கட்டு விளக்குக்கு மேலும் கீழும் சுவிட்ச் போடச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். அன்றைக்கு வியர்வையில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. "சுவிட்சை ஏன் லைவ் வயரில் போடுகிறீர்?" என்றார் மதிப்பீட்டாளர். நியூட்ரலில் போட்டால் விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும் என்றேன். தலையாட்டினார்.

சரி, என்.வி.கியூ. நான்காம் மட்டச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. மாமாவுக்குத்தான் என்னைவிடப் புளுகம். அடுத்தது ஐந்தாம் மட்ட டிப்ளோமா. அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனத்தில் விசாரிக்கப் போகிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். தைப்பொங்கல் வியாபாரம் முடியும்வரை கடையில் நிற்பேன்.