ஆச்சி வீட்டுக் குழு: ஒன்பதாவது வாரம்

[காலை 6:40] நான்: விடிந்ததிலிருந்து நாலு தடவை வாந்தி. பிரஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறது.

[6:44] பெரியம்மா: மசக்கை அப்படித்தான்டி. உன் அம்மாவுக்கு உன்னைச் சுமந்தபோது அடுத்த தெருவில் கருவாடு வறுத்தாலும் இங்கே வாந்தி. நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் தடவு.

[6:47] அம்மா: தலைமாட்டில் பொரி வை. முழித்ததும் படுத்தபடியே ஒரு கைப்பிடி மென்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்திரு.

[6:51] சித்தி: இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டாமா? குழம்பு ஊற்றி ஒரு தட்டு சோறு சாப்பிடு, தெம்பு வரும்.

[7:05] மதினி (நர்ஸ்): ஐயோ சின்னத்தை, தட்டு நிறைய வேண்டாம். வயிறு காய்ந்தாலும் குமட்டும், நிறைந்தாலும் குமட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் போதும். தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம், இடையில் வாய் வாயாகக் குடி. என்ன மாத்திரை போடுகிறாய்?

[7:08] நான்: ஃபோலிக் ஆசிட். போன வாரம் கடையில் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கினேன்.

[7:09] மதினி: யாரைக் கேட்டு? அது மூன்று மாதம் முடிந்துதான் வழக்கமாக ஆரம்பிப்பார்கள். குமட்டலைக் கூட்டும், மலச்சிக்கல் வேறு. டாக்டரிடம் கேள். ஃபோலிக்கை மட்டும் விடாதே.

[பகல் 2:20] நான்: பொரி நிற்கவில்லை மதினி. தண்ணீரும் வெளியே வருகிறது.

[2:21] மதினி: கூச்சப்படாமல் சொல். காலையிலிருந்து எத்தனை தடவை ஒன்றுக்குப் போனாய்?

[2:22] நான்: ஒரே தடவை. கட்டன் டீ நிறம்.

[2:22] மதினி: கிளம்பு. அண்ணன் எங்கே?

[2:23] அவர்: ஆட்டோ வாசலில் நிற்கிறது.

[2:26] பெரியம்மா: வாந்திக்கு ஆஸ்பத்திரியா? நாங்களெல்லாம்...

[2:28] மதினி: பெரியத்தை, தண்ணீரே தங்கவில்லை என்றால் மசக்கைதானே என்று விடக்கூடாது. பட்டினியில் உடம்பு கொழுப்பைக் கரைத்தால் சிறுநீரில் கீட்டோன் வரும், அதைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சலைன் ஏற்றுவார்கள்.

[2:29] பெரியம்மா: சரி சரி, போய் வாருங்கள்.

[இரவு 8:10] நான்: இரண்டு பாட்டில் ஏறியது. இரும்பு மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார்கள். வாந்திக்கு வைட்டமின் பி6 சேர்ந்த மாத்திரை ஒன்று, படுக்கும்போது. தூக்கம் வருமாம், வரட்டும். இந்த ஒன்பதாவது வாரத்தை ஒட்டித்தான் குமட்டல் அதிகமாக இருக்குமாம், 14 வாரத்துக்குள் பெரும்பாலும் குறையுமாம்.

[8:12] அம்மா: சாப்பிட்டாயா?

[8:13] நான்: தயிர்சாதம் நாலு வாய், நார்த்தங்காயோடு. நின்றது.

[8:13] பெரியம்மா: நான் காலையிலேயே சொன்னேன்!

[8:15] மதினி: சலைன் ஏற்றியது கணக்கில் இல்லை போல 😄

[8:20] மாமா: (இனிய இரவு வணக்கம், ரோஜாப்பூ படம்)

[8:24] அவர்: நாளையிலிருந்து சமையல் என் பொறுப்பு.

[8:25] நான்: கடுகு மட்டும் தாளிக்காதீர்கள். அந்த வாசனைதான் ஆளைக் கொல்கிறது.

[8:26] அவர்: தாளிக்காமல் சட்னியா?

[8:26] நான்: இட்லிப்பொடி இருக்கிறது.